தளை தட்டிய இடம்

எங்கள் தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு வாரம் நடக்கும். ஓவியப் போட்டி, வாசகப் போட்டி, தீயணைப்புப் பயிற்சி, கடைசி நாள் சாப்பாட்டில் ஒரு குலாப் ஜாமூன். பதினெட்டு வருடமாக நான் குலாப் ஜாமூனைத் தவிர வேறெதிலும் கலந்துகொண்டதில்லை. அந்த வருடம் எச்.ஆர். மேடம் என் மேசையைத் தேடி வந்தார். வெளியிலிருந்து வரும் போல்ட்டு, பிராக்கெட்டுகளை அளந்து பார்த்து பாஸா, ரிஜெக்டா என்று சொல்வதுதான் என் வேலை. அந்த மேசைக்கு எச்.ஆர். ஆட்கள் வருவது அபூர்வம். ஏதோ புகார் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

"சார், நீங்க பி.ஏ. தமிழாமே? உங்க ஃபைல்ல பார்த்தேன்" என்றார்.

திருடி மாட்டிக்கொண்டவனைப் போல ஆனேன். படித்தது உண்மை. காஞ்சிபுரத்துக் கல்லூரியில் மூன்று வருடம். யாப்பிலக்கணத் தாளில் தட்டுத்தடுமாறித் தேறியதும் உண்மை. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் தொழிற்சாலைகள் வந்தன, நான் உள்ளே போனேன், அவ்வளவுதான்.

"செகண்ட் கேட்டுல ஒரு போர்டு வைக்கிறோம் சார். ரெண்டு வரிதான் இடம் இருக்கு. கையைப் பத்தி ரெண்டு வரி எழுதச் சொல்லியிருக்கோம். நீங்கதான் ஜட்ஜ்."

"நான் போல்ட்டு பாக்கறவன் மேடம்."

"அதேதான் சார். சரி எது, தப்பு எதுன்னு சொல்றவர்தானே நீங்க" என்று ஒரு பழுப்பு உறையை வைத்துவிட்டுப் போனார்.

உறைக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட துண்டுச்சீட்டுகள். யார் எழுதியது என்று நடுவருக்குத் தெரியக்கூடாது என்பதால் பெயருக்குப் பதில் எண் மட்டும். 'கவனம் சிதறினால் கைவிரல் சிதறும்' என்று ஒன்று. 'பாதுகாப்பே நமது பண்பாடு, மறந்தால் கேட்கும் கூப்பாடு' என்று ஒன்று. கையை வரைந்து அதற்குள் எழுதியது ஒன்று. டீ இடைவேளையில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். இருபத்து மூன்றாம் எண் சீட்டில் பச்சை மையில் இப்படி இருந்தது:

கையுறை போட்டுக்கோ மாமா நம்ம
மகள்பிடிக்க வேணுமே கை.

முதலில் சிரித்துவிட்டேன். 'மாமா' என்று ஒரு பாதுகாப்பு வாசகத்தை நான் பார்த்ததே இல்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்தேன். ஆனால் அடுத்த நான்கைந்து சீட்டுகளில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு ஏறவேயில்லை. திரும்பவும் இருபத்து மூன்றை எடுத்தேன். முதல் வரியில் நான்கு சொல். இரண்டாம் வரியில் மூன்று. கடைசிச் சொல் ஒற்றை எழுத்து. நாலும் மூணும் ஏழு. இது குறள் வெண்பாவாக இருக்குமோ?

அன்று மாலை கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாக்கெட்டில் கிடந்த ரிஜெக்ட் டேக் ஒன்றின் பின்பக்கத்தில் அலகிட்டுப் பார்க்கத் தொடங்கினேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தமிழ்ச் செய்யுளை அளக்கும் அலகுக்கு அசை என்று பெயர். 'நம்', 'கை', 'மா' மாதிரித் தனித்து நிற்பது நேர். 'மகள்', 'உறை' மாதிரி ஒரு குறில் இன்னோர் எழுத்தையும் இழுத்துக்கொண்டு நிற்பது நிரை. இந்த இரண்டையும் கோத்தால் சீர்; நேர் நேர் என்றால் தேமா, நேர் நிரை என்றால் கூவிளம், மூன்றாவதாக ஒரு நேர் சேர்ந்தால் காய் என்று அதற்குப் பெயர்கள். ஒரு சீர் எப்படி முடிகிறது, அடுத்தது எப்படித் தொடங்குகிறது என்ற சேர்க்கைதான் தளை. வெண்பாவில் அதற்குக் கறாரான விதி உண்டு. மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். இந்த மூன்றும் எனக்கு நினைவிருந்ததே ஆச்சரியம். இவற்றைக் கல்லூரியில் பஸ் நம்பர் போல மனப்பாடம் செய்திருந்தேன்.

கையுறை, கூவிளம். அடுத்து நேர் வரவேண்டும்; 'போட்' நேர். சரி. போட்டுக்கோ, தேமாங்காய். அடுத்தும் நேர், 'மா'. சரி. மாமா, தேமா. அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும். 'நம்ம'. நம், நேர்.

தட்டியது.

மேலே போனேன். நம்ம, தேமா, அடுத்து நிரை வேண்டும், 'மகள்' நிரை. சரி. மகள்பிடிக்க, கருவிளங்காய், அடுத்து 'வேண்', இல்லை, 'வே', நேர். சரி. வேணுமே, கூவிளம், அடுத்து 'கை', நேர். சரி. கடைசிச் சீர் ஓரசையில் முடிந்து அழகாக நிற்கிறது.

ஆறு இணைப்பு. ஐந்து சரி. ஒன்று தப்பு.

வல்லம் தாண்டும்வரை அந்த டேக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதியவருக்கு யாப்பு தெரியாது, தற்செயலாக வெண்பா மாதிரி வந்து விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பேச்சில் அப்படி விழுவது உண்டு. ஆனால் 'மகள்பிடிக்க' என்பதை எழுதியவர் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதியிருந்தார். சாதாரணமாக யாரும் அப்படி எழுத மாட்டார்கள். பிரித்து எழுதினால் இரண்டாம் வரியில் நான்கு சீர் ஆகிவிடும், வெண்பா கெட்டுவிடும் என்று தெரிந்தவர்தான் சேர்த்து எழுதுவார். அப்படித் தெரிந்தவர் முதல் வரியில் ஏன் கோட்டை விட்டார்? ஐந்து இடத்தில் பிசகாத கை ஆறாவது இடத்தில் எப்படிப் பிசகும்? ஒருவேளை எனக்குத்தான் விதி தப்பாக நினைவிருக்கிறதோ?

வீட்டுக்குப் போனதும் பரணில் ஏறிப் பழைய யாப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அட்டை போய்விட்டிருந்தது. விதி சரிதான். மா முன் நேர் வந்தால் அது ஆசிரியத்தளை, வெண்பாவுக்குள் வரக்கூடாது. எதுகையும் பார்த்தேன். இரண்டு அடிக்கும் இரண்டாம் எழுத்து ஒத்துவரவில்லை. அது இல்லாமலும் குறள் வெண்பா வரலாம் என்றுதான் நினைவு, ஆனால் அந்தப் பக்கத்தைச் செல்லரித்திருந்தது. 'மாமா', 'மகள்' என்று மோனை போல ஒன்று கேட்கிறது, ஆனால் அது வரவேண்டிய இடத்தில் இல்லை. கையில் தொடங்கிக் கையில் முடிகிறது என்று அப்போதுதான் கவனித்தேன். அதற்கு ஏதாவது பெயர் உண்டா என்றும் தெரியவில்லை.

மருந்துக்கடையில் வேலை முடித்து வந்த என் மனைவி என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா இது, விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கினு கீறீங்க?" என்றாள்.

சீட்டைக் கொடுத்தேன். படித்தாள். "யாரு எழுதனது? நல்லா கீதே."

"ஒரு எடத்துல தட்டுது."

"எங்க?"

"மாமாவுக்கும் நம்மவுக்கும் நடுவுல."

"மாமாவுக்கும் நம்மளுக்கும் நடுவுல இன்னா தட்டுது?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நேர், நிரை எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, இன்னொரு முறை வாய்விட்டுப் படித்தாள். "எனக்கு ஒண்ணும் தட்டலங்க. மாமான்னு கூப்பிட்டுட்டு ஒரு நிமிசம் நிப்பாங்க இல்ல, அவரு திரும்பிப் பாக்கறதுக்கு? அப்பறம்தான நம்ம மகள்னு சொல்லுவாங்க. அது பேசற மாதிரிதான் கீது."

அவள் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே போகவில்லை. நானும் வாய்விட்டுப் படித்தேன். ஒரு தடவை தட்டுவது போல இருந்தது. அடுத்த தடவை தட்டவில்லை. பத்து தடவைக்குப் பிறகு ஐந்து சரியான இடங்களும்கூடத் தட்டுவது போலக் கேட்கத் தொடங்கின. காதை நம்புவதா, புத்தகத்தை நம்புவதா என்று தெரியாமல் சாப்பிட உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை பல் தேய்க்கும்போது விடை வந்தது. நமது! நம, நிரை. து, நேர். புளிமா. மா முன் நிரை. அடுத்த வரியின் 'மகள்' அப்படியே ஒட்டிக்கொள்ளும். பொருள் மாறவில்லை, ஒரு சொல்லின் உடைதான் மாறுகிறது. எழுதியவரும் நமது என்றுதான் நினைத்திருப்பார், அவசரத்தில் கை நழுவி நம்ம என்று எழுதியிருப்பார் என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். வாயில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகு படித்த படிப்பு உதவிக்கு வந்ததே என்ற சந்தோஷம்.

எச்.ஆர். மேடத்திடம் போய், "இருபத்து மூணுக்குத்தான் முதல் பரிசு. இது வெண்பா மேடம். ஒரே ஒரு திருத்தம் மட்டும் வேணும்" என்றேன்.

"ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா சார்?"

"அது மாதிரிதான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அவர் படித்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "மாமா வேணாம் சார். இந்த ஏரியால மாமான்னா வேற அர்த்தமும் இருக்கு. ஹெட் ஆபீஸ்லேர்ந்து வந்து பாப்பாங்க. தோழான்னு போடலாமா?"

மனதுக்குள் அலகிட்டேன். தோ, நேர். ழா, நேர். "தேமாதான் மேடம். பொருந்தும்."

"இல்ல, தோழான்னா யூனியன் நோட்டீஸ் மாதிரி இருக்கும். நண்பா?"

நண், நேர். பா, நேர். "அதுவும் தேமா."

"அப்போ ஓகேவா சார்?"

"யாப்புப்படி ஓகே."

பிறகு போட்டுக்கோ 'போட்டுக்கொள்' ஆயிற்று. தேமாங்காய் தேமாங்காயாகவே இருந்தது. வேணுமே 'வேண்டுமே' ஆயிற்று. கூவிளம் கூவிளமாகவே இருந்தது. அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க நான் ஒவ்வொன்றாக அளந்து பாஸ் சொன்னேன். கடைசியில் ஒரு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். திரும்பி நடக்கும்போது, நண்பனைக் கூப்பிட்டு 'நமது மகள்' என்று எப்படிச் சொல்வது என்று ஒரு கேள்வி எழுந்தது. ஆனால் அசை எல்லாம் சரியாக இருந்தது. லேசான குழப்பத்தோடு அடுத்த போல்ட்டுப் பெட்டியைப் பிரித்தேன்.

நான்கு நாளில் போர்டு வந்துவிட்டது. இரண்டாவது கேட்டுக்கு மேலே மஞ்சள் ஃபிளெக்ஸ், பக்கத்தில் கையுறை போட்ட கை படம்.

கையுறை போட்டுக்கொள் நண்பா! நமது
மகள்பிடிக்க வேண்டுமே கை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த போர்டுக்குக் கீழேயே பரிசு கொடுத்தார்கள். எண்ணைக் கூப்பிட்டதும் காண்ட்ராக்ட் ஆட்கள் போடும் ஆரஞ்சு கோட்டில் ஒரு பெண் முன்னால் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். பரிசான ஹாட் பாக்ஸை வாங்கிக்கொண்டார், கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். பிறகு அவர் தலையை நிமிர்த்தி போர்டைப் படித்தார். ஹாட் பாக்ஸை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வலதுகைக் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். அவர் அலகிடுகிறார். நான்காவது கணுவில் விரல் நின்றது. போர்டைப் பார்த்தார், கணுவைப் பார்த்தார், அப்படியே கூட்டத்துக்குள் போய்விட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை.

இரண்டு நாள் கழித்து கேண்டீனில் தட்டுக் கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, நீங்கதான் ஜட்ஜாமே?" பேச்சு திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்தது.

"ஆமாம்மா. நல்லா எழுதியிருந்தீங்க."

"நமதுன்னு மாத்துனது நீங்களா, ஆபீஸா?"

"நான்தான். நண்பான்னு போட்டது அவங்க."

"நண்பாவ விடுங்க. அது ஆபீஸ் பாஷை. நமதுன்னு ஏன் மாத்துனீங்க?"

அவருக்கு ஒரு உதவி செய்திருப்பதாக நம்பிக்கொண்டிருந்த நான் தைரியமாகவே சொன்னேன். "மா முன் நேர் வருதும்மா. தளை தட்டுது."

"தெரியும்" என்றார்.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் அதை மூடினேன்.

"முதல்ல நமதுன்னுதான் எழுதுனேன் அண்ணாச்சி. ரெண்டு நாள் அப்படித்தான் கெடந்துச்சு. எல்லாத் தளையும் சரி. ஆனா சொல்லிப் பாத்தா நான் சொல்லுற மாதிரியே இல்ல. வீட்டுல யாரு நமது மகள்னு சொல்லுதா? மேடையில பேசுறவுகதான் சொல்லுவாக. நமதுன்னா அது ஊரு மகளா ஆயிருது. என் மகளா இல்ல."

அவரும் பி.ஏ. தமிழ். தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். ஆறு வருடத்துக்கு முன்னால் இங்கே வேலைக்கு வந்தவர். தாய்மாமனையே கட்டிக்கொண்டதால் சின்ன வயதிலிருந்து மாமா, வா, போ என்றுதான் பழக்கம். அந்த மாமா சுங்குவார்சத்திரம் பக்கம் வேறொரு கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ்ஸில் இருக்கிறார். கையுறை போட்டால் வேகம் வரவில்லை என்று கழற்றி வைத்துவிடுவாராம். மகள் ஊரில் பாட்டியோடு இருக்கிறாள், நான்கு வயது.

"அவரு காலைல கெளம்பும்போது நான் சொல்லுற வார்த்தைதான் அது. நான் ஒண்ணும் புதுசா எழுதல. அதை வெண்பாவுல ஏத்திப் பாத்தேன். ஒரு எடத்துல மட்டும் ஏற மாட்டேன்னுட்டு."

"அப்ப அது வெண்பாவா இல்லையா?" என்று கேட்டேன். நான் நடுவர். கேள்வியை அவர்தான் என்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

"இல்ல. அந்த எடத்துல இல்ல."

"வெண்பா இல்லைன்னு தெரிஞ்சே எழுதறதுக்கு, சும்மா ரெண்டு வரியா எழுதிட்டுப் போயிருக்கலாமே? மீதி அஞ்சு எடத்தை எதுக்கு அவ்வளவு ஒழுங்கா வச்சீங்க?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத முகம். "தெரியல அண்ணாச்சி. மீதி ஒழுங்கா இருந்தாத்தான் அந்த ஒண்ணு ஒழுங்கா இல்லைங்கறது தெரியும்னு தோணுச்சு. இல்லேன்னா வெண்பா எழுதுற ஆசையா இருக்கும். தெரியல." சைரன் அடித்துவிட்டது. தட்டை வைத்துவிட்டு லைனுக்கு ஓடிவிட்டார்.

அன்று பஸ்ஸில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எங்கள் வேலையில் டீவியேஷன் என்று ஒன்று உண்டு. அளவு கொஞ்சம் பிசகியிருந்தாலும் பொருத்தத்துக்குக் கெடுதல் இல்லை என்றால், பிசகை எழுதிக் கையெழுத்துப் போட்டு அப்படியே உள்ளே அனுப்பலாம். அதைச் செய்திருக்கலாமோ? ஆனால் இங்கே பிசகு கெடுதல் இல்லாதது மட்டுமா, அல்லது அது இருந்தால்தான் பொருத்தமா? நான் திருத்தியது தப்பா? திருத்தாமல் முதல் பரிசு கொடுத்திருந்தால், தளை தட்டிய பாட்டை வெண்பா என்று சொன்ன தப்பு வந்திருக்குமே? ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் நான் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, "இன்னா சார், டிப்போவுக்கு வர்றியா?" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் இன்னொன்று தோன்றியது. நம்ம என்பதைத் தொடவே வேண்டாம். அதற்கு முன்னால் இருப்பதை மாற்றினால் போதும். 'மாமாநீ'. மா, மா, நீ. மூன்று நேர். தேமாங்காய். காய் முன் நேர் வரலாம். 'கையுறை போட்டுக்கோ மாமாநீ நம்ம மகள்பிடிக்க வேணுமே கை.' ஆறு இணைப்பும் சரி. வீட்டுப் பேச்சும் அப்படியே இருக்கிறது. நடுத்தெருவில் நின்று விரல் விட்டு எண்ணினேன். பூக்கடைக்காரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் இடைவேளை மணி அடித்ததும் அவருடைய லைனுக்கே போய்விட்டேன். சொன்னேன். அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

"அதையும் போட்டுப் பாத்தேன் அண்ணாச்சி."

"பிறகென்ன? எல்லாம் சரியா இருக்கே!"

"சொல்லிப் பாருங்க. போட்டுக்கோ மாமா நீ. அந்த நீ வந்ததும் வெரல நீட்டிச் சண்டைக்கு நிக்குற மாதிரி ஆயிருது. நான் சண்டை போடல. பயந்து போய்ச் சொல்லுதேன்."

சொல்லிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஆனால் அவர் சொன்னதால் அப்படிக் கேட்கிறதா, உண்மையிலேயே அப்படித்தானா என்று பிரித்தறிய முடியவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் நம்ம என்பதற்கு வேறு சொல் தேடினோம். வீட்டில் புழங்குவதாகவும் இருக்க வேண்டும், நிரையில் தொடங்கவும் வேண்டும். எங்கள் பக்கத்தில் 'நம்ப' என்போம். அதுவும் நேர்தான். வடக்கிலும் தெற்கிலும் வீட்டுப் பேச்சு இந்த இடத்தில் சேர்ந்துகொண்டு எங்களைக் கைவிட்டது. "வுடும்மா" என்றேன். "விடுங்க அண்ணாச்சி" என்றார்.

என்னால் விட முடியவில்லை. எச்.ஆர். மேடத்திடம் போய், என் திருத்தம் தப்பு, பழையபடி மாற்றிவிடுங்கள் என்று கேட்டேன்.

"சார், நீங்கதானே தளை தட்டுதுன்னீங்க?"

"ஆமா மேடம். தட்டுது."

"அப்போ திருத்தினது சரிதானே?"

"சரிதான் மேடம்."

"அப்புறம் எதுக்கு மாத்தணும்?"

தட்டுகிற இடத்தில் தட்ட வேண்டியிருக்கிறது என்று ஏதோ உளறினேன். அவர் மோசமான ஆளில்லை. என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இரங்கினார் என்று நினைக்கிறேன். போர்டை மாற்ற முடியாது, போட்டோ மேலிடத்துக்குப் போய்விட்டது, வேண்டுமானால் அந்தச் சீட்டை கேண்டீன் நோட்டீஸ் போர்டில் ஒட்டிக்கொள்ளுங்கள் என்றார். அவரே அலமாரியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். பச்சை மைச் சீட்டை நானே நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினேன். கீழே 'முதல் பரிசு, எழுதியபடி' என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு நடந்தது நான் எதிர்பார்க்காதது. வரிசையில் நிற்கிறவர்கள் அதைப் படிக்கத் தொடங்கினார்கள். ஒரு வாரத்தில் அது லைனுக்குள் போய்விட்டது. யாராவது கையுறை இல்லாமல் பெட்டியைத் தூக்கினால் பின்னாலிருந்து ஒரு குரல், "கையுறை போட்டுக்கோ மாமா!" என்று கேட்கும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் ஒருவர், மீசைக்காரர், என் மேசையைக் கடக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்து முழுவதையும் பாடுவார்: "நம்ப மகள்பிடிக்க வேணுமே கை!" நான் அனிச்சையாக அலகிடுவேன். அவர் மாமா என்பதை 'மாமோவ்' என்று இழுப்பார். அந்த இழுப்பை எப்படி அலகிடுவது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. கேட்டுக்கு மேலே இருந்த மஞ்சள் போர்டை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தப் பெண்ணின் காண்ட்ராக்ட் அடுத்த சில மாதங்களில் முடிந்தது. கடைசி நாள் மாலையில் கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். அவரும் பையோடு வந்து நின்றார். வேறொரு கம்பெனியில் வேலை பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். பிறகு தயங்கி, "ஒண்ணு சொல்லணும் அண்ணாச்சி" என்றார்.

"சொல்லும்மா."

"போன வாரம் மாமா என்னைக் கூட்டிட்டுப் போக வண்டியில வந்தாரு. இந்த போர்டப் படிச்சாரு. ரெண்டு மூணு தடவ படிச்சாரு. ரொம்ப நல்லாயிருக்கு, யாரோ பெரிய ஆளு எழுதியிருக்காகன்னு சொன்னாரு."

"இதையா? நண்பான்னு இருக்கே, இதையா?"

"இதைத்தான். நமதுன்னு இருக்குல்ல, அதுல ஒரு கெத்து இருக்குங்காரு. நான் தெனமும் சொல்லுறதுதான் இதுன்னு அவருக்குத் தெரியவே இல்ல."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும் கண் சிரிக்கவில்லை. வருத்தம் என்றும் சொல்ல முடியாது.

"நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"ஏம்மா?"

"தெரியல அண்ணாச்சி. அவரு கையுறை போட்டா சரின்னு இருந்துட்டேன்."

"போடறாரா?"

"கேட்டேன். போடுதேன், போடுதேன்னாரு" என்றார். அவருடைய பஸ் முதலில் வந்தது. படியில் ஏறி உள்ளே போய்விட்டார். நமது என்று திருத்தியது நான். அதற்காக மகிழ்வதா, வெட்கப்படுவதா என்று அந்த இடத்தில் நின்று யோசித்தேன். என் பஸ் வருவதற்குள் முடிவு கிடைக்கவில்லை.